அறுபத்தேழு ரூபாய் வித்தியாசம்

2004ஆம் வருடம். பி.காம். முடித்து, வங்கித் தேர்வு எழுதி, அதிகாரியாகச் சேர்ந்து, மத்தியப் பிரதேசத்தில் ஒரு சின்ன ஊர்க் கிளையில் போட்டிருந்தார்கள். கோர் பேங்கிங் அந்தப் பக்கம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. எல்லாம் கையால் எழுதும் பெரிய லெட்ஜர்கள்தான். சேமிப்புக் கணக்கு லெட்ஜர்களில் இருக்கும் பாக்கியை எல்லாம் ஒவ்வொன்றாகக் கூட்டி, ஜெனரல் லெட்ஜரில் இருக்கும் மொத்தத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். 'பேலன்ஸிங்' என்று பெயர். அந்தக் காலத்து வங்கி ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், கனவில்கூட வந்து பயமுறுத்தும் வேலை அது.

ஒரு சாயங்காலம் மேனேஜர் வீட்டுக்குக் கிளம்பும்போது என் மேஜைக்கு வந்தார். நான் எழுதிக்கொண்டிருந்த லெட்ஜரை நாலு பக்கம் புரட்டினார். முகத்தைச் சுளித்தார். "யுவர் லெட்ஜர் இஸ் அட் சிக்ஸஸ் அண்ட் செவன்ஸ்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் திண்டுக்கல் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவன். கல்லூரியிலும் டெபிட், கிரெடிட் ஆங்கிலம்தான் தெரியும். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஆறு, ஏழு. அதாவது 67. லெட்ஜரில் 67 ரூபாய் உதைக்கிறது!

உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் சில சூட்சுமங்கள் உண்டு. வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் எண்கள் இடம் மாறி விழுந்திருக்கும், 54ஐ 45 என்று எழுதியது போல. இரட்டைப்படையாக இருந்தால், அதில் பாதித் தொகை பற்றுக்குப் பதில் வரவில் விழுந்திருக்கிறதா என்று பார்ப்போம். 67 ஒன்பதாலும் வகுபடாது, ஒற்றைப்படை வேறு. அப்படியானால் எங்கோ 67 ரூபாய் என்ட்ரியே விட்டுப் போயிருக்கிறது என்று முடிவு கட்டி, ராத்திரி ஒன்பதரை மணி வரை ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன். வாட்ச்மேன் வந்து, "ஸாப், பூட்ட வேண்டாமா?" என்று கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

மறுநாள் காலை தயங்கித் தயங்கி ஹெட் கேஷியரிடம் சொன்னேன். பெரியவர். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு இந்தியில் விளக்கினார். "அது தொகை இல்லை தம்பி. நாங்கள் 'தீன் தேரஹ்' என்று சொல்கிறோமே, அதுதான். மூணு பதிமூணு. எல்லாம் கலைந்து சிதறிக் கிடக்கிறது என்று அர்த்தம்." என் கையெழுத்தும் அடித்தல் திருத்தலும் மேனேஜருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

மத்தியான டீ வருவதற்குள் கிளை முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த ஊரில் இருந்த இரண்டு வருடமும் எனக்கு 'சிக்ஸ்டி செவன்' என்றுதான் பெயர். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆனால் முதல் ஆறு மாதம் மீட்டிங் எதிலும் வாயைத் திறக்கவில்லை. தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களுக்கு இது புரியும், மற்றவர்களுக்கு விளக்குவது கஷ்டம்.

இப்போது யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. 'ஏழரையைக் கூட்டிட்டான்' என்று ஒரு வெள்ளைக்காரரிடம் சொன்னால் என்ன செய்வார்? கடிகாரத்தைப் பார்ப்பார். அவருக்குச் சனி பகவானைத் தெரியாது, ஏழரை வருடக் கணக்கும் தெரியாது. அதற்காக அவரை யாரும் முட்டாள் என்று சொல்ல மாட்டோம். 2004இல் இதை எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

ரோஷத்தில் ஒரு 192 பக்க நோட்டு வாங்கினேன். ஆங்கிலத்தில் எண்கள் வரும் சொற்றொடர்களை எல்லாம் எழுத ஆரம்பித்தேன். பொருள் ஒரு பக்கம், பிறந்த கதை ஒரு பக்கம். மொழி வராவிட்டாலும் எண்கள் நமக்குச் சொந்தக்காரர்கள்தானே! சில வருடங்களில் நோட்டு நிரம்பியது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. புதிதாகச் சேரும் அதிகாரிகளுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதுவது பற்றி வகுப்பு எடுக்க என்னையே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் அறுபத்தேழு ரூபாய்க் கதையைச் சொல்லி, அந்தச் சொற்றொடர் பிறந்த வரலாற்றையும் கம்பீரமாகச் சொல்வேன்.

நான் சொல்லி வந்த வரலாறு இது. லண்டனில் தொழில்வாரியாகச் சங்கங்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஊர்வலத்தில் எந்தச் சங்கம் முன்னால், எது பின்னால் என்று வரிசை உண்டு. தையற்காரர்கள் சங்கத்துக்கும் தோல் வியாபாரிகள் சங்கத்துக்கும் ஒரே ஆண்டில், 1327இல், அரச சாசனம் கிடைத்தது. ஆறாவது இடம் யாருக்கு, ஏழாவது இடம் யாருக்கு என்று சண்டை. நம்மூர்க் கோயில் திருவிழாவில் முதல் மரியாதைக்கு நடக்குமே, அதே சண்டைதான். 1484இல் லண்டன் மேயர் ராபர்ட் பில்ஸ்டன் பஞ்சாயத்துப் பண்ணினார். ஒரு வருடம் இவர்கள் ஆறு, அவர்கள் ஏழு. அடுத்த வருடம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவருக்கொருவர் வருடா வருடம் விருந்தும் வைக்க வேண்டும். இன்று வரை அப்படியே மாற்றிக்கொள்கிறார்கள். 'யார் ஆறு, யார் ஏழு' என்ற அந்தக் குழப்பத்திலிருந்துதான் இந்தச் சொற்றொடர் பிறந்தது!

அருமையான கதை இல்லையா? பத்து வருடத்துக்கு மேல் சொல்லியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

2023இல் ஒரு வகுப்பு. இப்போது நான் இருக்கும் நாக்பூரில்தான். வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் அதிகாரி வந்து நின்றார். தேனிப் பக்கம், தமிழ் மீடியம், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்.

"சார், ஒரு டவுட். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளும்மா."

"அந்தத் தீர்ப்பு 1484னு சொன்னீங்க. ஆனா இதே சொற்றொடரை சாசர் தன்னோட காவியத்துல எழுதியிருக்காராமே. அவர் 1400லேயே இறந்துட்டாரே சார்?"

கையில் போனை வைத்திருந்தார். வகுப்பு நடக்கும்போதே சரிபார்த்திருக்கிறார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. வவுச்சர் தேதிக்கு நூறு வருடம் முன்னாலேயே என்ட்ரி! இருபது வருட சர்வீஸ்காரன் இதை எப்படிப் பாஸ் பண்ணினேன்?

"நாளைக்குச் சொல்றேம்மா" என்று சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்து தேடினேன். அந்தப் பெண் சொன்னது சரி. ஜெஃப்ரி சாசர் 1380களில் எழுதிய 'ட்ராய்லஸ் அண்ட் கிரிசைட்' காவியத்திலேயே இந்த ஆறும் ஏழும் வருகின்றன. சண்டை 1327லிருந்தே நடந்திருக்கலாமே என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. சாசர் எழுதிய இடத்தில் வரிசைச் சண்டையின் வாடையே இல்லை. எல்லாவற்றையும் பணயம் வைத்துத் துணிவது என்ற பொருளில் வருகிறது. சூதாட்டப் பேச்சு.

அகராதிக்காரர்கள் பொதுவாக ஏற்கும் விளக்கமும் அதுதான். 'ஹஸார்டு' என்று ஒரு பகடை விளையாட்டு. அதில் எண்களுக்குப் பிரெஞ்சுப் பெயர்கள், ஐந்துக்கு 'சிங்க்', ஆறுக்கு 'சைஸ்'. பகடையின் பெரிய எண்களான ஐந்து, ஆறின் மேல் பணயம் வைப்பது மகா துணிச்சல். அந்தப் பிரெஞ்சுச் சொற்கள் புரியாத ஆங்கிலேயர் வாயில் ஐந்து-ஆறு என்பது ஆறு-ஏழு ஆகிவிட்டதாம். பகடையில் ஏழு ஏது? ஆறோடு சரி. முதலில் 'துணிச்சல்', பிறகு 'அலட்சியம்', கடைசியில் 'அலங்கோலம்' என்று பொருளும் நகர்ந்தது.

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என்னைச் 'சிக்ஸ்டி செவன்' ஆக்கிய சொற்றொடரே, வேற்று மொழி எண்கள் புரியாமல் யாரோ தப்பாகச் சொன்னதில் பிறந்தது! அவர்கள் செய்த தப்பு அகராதியில் ஏறிவிட்டது. நான் செய்த தப்பு டீக்கடையோடு போய்விட்டது. அவ்வளவுதான் வித்தியாசம் :-)

இன்னொரு சந்தோஷம். சாசர் முழுநேரக் கவிஞர் இல்லை. 1374லிருந்து சுமார் 12 வருடம் லண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கக் கணக்குகளைக் கவனித்த அதிகாரி. கணக்கைத் தன் கையாலேயே எழுத வேண்டும் என்று நியமன உத்தரவில் நிபந்தனை. நம்ம ஆள்தான்!

மறுநாள் வகுப்பு ஆரம்பித்ததும், நேற்று சொன்னது தவறு என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். யார் கண்டுபிடித்தது என்றும் சொன்னேன். அன்று ராத்திரியே பழைய நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து ஆடிட் செய்ய ஆரம்பித்தேன். அதில் நாலு என்ட்ரியை மட்டும் இங்கே தருகிறேன், எண் வரிசைப்படி.

முதலில் பதினொன்று. 'லெவன்த் அவர்'. கடைசி நேரம் என்று பொருள். கதை பைபிளில் மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் காலையில் கொஞ்சம் பேரைக் கூலிக்கு அழைக்கிறார். பிறகு மூன்று, ஆறு, ஒன்பதாம் மணிக்குக் கொஞ்சம் பேர். கடைசியாகப் பதினோராம் மணிக்குச் சிலர். அந்தக் காலத்தில் சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை பன்னிரண்டு மணியாகப் பிரிப்பார்கள். ஆகவே பதினோராம் மணி என்றால் நம் கணக்கில் சாயங்காலம் ஐந்து. வவுச்சர் சரியாக இருக்கிறது. ஆனால் கதையின் முடிவு என்ன தெரியுமா? ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் காலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி, ஒரு தெனாரியஸ் வெள்ளிக் காசு. தாமதமாக வந்தவனைத் திட்டுவதற்காகச் சொன்ன கதையே இல்லை. நாம் அதைக் கொண்டுபோய் 'ரிட்டர்னை ஏன் கடைசி நேரத்தில் அனுப்புகிறாய்' என்று கடிந்துகொள்ளப் பயன்படுத்துகிறோம்!

அடுத்து பதிமூன்று. 'பேக்கர்ஸ் டஜன்'. ரொட்டிக்காரரின் டஜன் என்றால் பதிமூன்று. 1266வாக்கில் இங்கிலாந்தில் ரொட்டிக்கும் மதுவுக்கும் ஒரு சட்டம் வந்தது. ரொட்டியின் விலை மாறக் கூடாது, கோதுமை விலை ஏறினால் எடை குறையலாம். இவ்வளவு விலைக்கு இவ்வளவு எடை என்று பட்டியல் உண்டு. (ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் வருடா வருடம் இளைத்துக்கொண்டே போகிறதே, அதே சூத்திரம். என்ன, அங்கே இளைப்பதற்கும் அரசாங்கம் அளவு வைத்தது.) எடை குறைந்தால் அபராதம், மீறினால் சந்தையில் மரச்சட்டத்தில் கழுத்தை மாட்டி நிறுத்துவார்கள். அந்தப் பயத்தில் டஜனுக்கு ஒன்று கூடக் கொடுத்தார்கள் என்பதுதான் என் நோட்டில் இருந்த கதை.

ஆடிட்டில் ஒரு சிக்கல். இந்தச் சொற்றொடர் அச்சில் தென்படுவது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில். சட்டத்துக்கும் சொல்லுக்கும் நடுவில் முந்நூறு வருடத்துக்கு மேல் இடைவெளி! இன்னொரு விளக்கமும் இருக்கிறது. ரொட்டியைத் தெருவில் விற்கும் சில்லறை வியாபாரி, பன்னிரண்டுக்குக் காசு கொடுத்துப் பதிமூன்று வாங்கிக்கொள்வார். விலை சட்டப்படி கட்டப்பட்டது, ஏற்றி விற்க முடியாது. ஆகவே அந்தப் பதிமூன்றாவதுதான் அவர் லாபம். போட்ட முதலுக்கு 8.33 சதவீதம். வணிகவியல் படித்தவனுக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது. ஆனால் முடிவான சாட்சி இல்லாததால் இந்த என்ட்ரியை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் வைத்திருக்கிறேன். எப்படியோ, நம்மூர்க் காய்கறிக்காரம்மா கடைசியில் போடும் கொத்தமல்லிக்கு நாம் வைத்திருக்கும் 'கொசுறு' என்ற ஒற்றைச் சொல், இவர்களின் இரண்டு சொல்லைவிட அழகு.

மூன்றாவது, இருபது. 'ஸ்கோர்'. கிரிக்கெட் ஸ்கோர் தெரியும், 'த்ரீ ஸ்கோர் அண்ட் டென்' என்றால் எழுபது என்பதும் தெரியும். 1863இல் லிங்கன் கெட்டிஸ்பர்க்கில் பேச ஆரம்பித்ததே இந்த இருபதுக் கணக்கில்தான். நாலு இருபது, மேலே ஏழு, ஆக 87. 1863இல் 87ஐக் கழியுங்கள், 1776. அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்த வருடம்.

'ஸ்கோர்' என்றால் ஆதியில் வெட்டு, கீறல். வட ஐரோப்பியக் கடலோடிகள் மொழியிலிருந்து வந்த சொல். எண்ணும்போது இருபதுக்கு ஒரு வெட்டு கம்பில் போடுவது வழக்கம். இங்கிலாந்து அரசாங்கமே சுமார் எழுநூறு வருடம் இப்படிக் கம்பில்தான் ரசீது கொடுத்தது! அந்தக் கம்புக்குப் பெயர் 'டேலி'. 1170களில் அரசுப் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் அளவுகளை எழுதி வைத்திருக்கிறார். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகல வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம், ஒரு பவுண்டுக்கு ஒரு வாற்கோதுமை மணி அகலம். வெட்டுகளைப் போட்டபின் கம்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். கைப்பிடியோடு நீளமாக இருக்கும் துண்டு 'ஸ்டாக்', பணம் கட்டியவருக்கு. சிறிய துண்டு 'ஃபாயில்', கஜானாவுக்கு. பின்னால் இரண்டையும் சேர்த்தால் வெட்டும் பொருந்த வேண்டும், மரத்தின் ரேகையும் பொருந்த வேண்டும். கையெழுத்தைக்கூடப் போலியாகப் போடலாம், மர ரேகையை எப்படிப் போடுவது?

நாம் தினமும் கிழித்துக் கொடுக்கும் 'கவுண்டர்ஃபாயில்' இந்த மரத்துண்டின் பேரன். ஸ்டாக் துண்டைக் கையில் வைத்திருந்தவர்தான் 'ஸ்டாக்ஹோல்டர்'. "கணக்கு டேலி ஆகலை சார்" என்று நாம் சொல்வதும் அதேதான். பெங்களூரில் 1986இல் தொடங்கிய நிறுவனத்தின் டேலி மென்பொருள் இல்லாத கடை இன்று நாக்பூர் இத்வாரி மார்க்கெட்டில் எத்தனை இருக்கும்? அதைத் தட்டும் பையனுக்கு அது ஒரு கம்பின் பெயர் என்று தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

கம்புகளின் முடிவு இன்னும் பயங்கரம். 1826இல் அந்த முறை நின்றது. மிச்சமிருந்த பழைய கம்புகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையின் அடியில் இருந்த உலைகளில் போட்டு எரித்தார்கள். இரண்டு வண்டி நிறையக் கம்பு. புகைபோக்கி தாங்கவில்லை. ராத்திரி பாராளுமன்றக் கட்டடமே எரிந்து போயிற்று! இன்று நாம் படத்தில் பார்ப்பது அதற்குப் பிறகு கட்டியது. பழைய ரெக்கார்டை அழிக்க ஏன் இத்தனை விதிமுறை என்று இனிமேல் யாரும் என்னிடம் கேட்கக் கூடாது. இந்த என்ட்ரிக்கு ஆடிட் குறிப்பு: அனைத்தும் சரி.

கடைசி எண் 420. வங்கிக்காரனுக்கு மிக நெருக்கமான எண். இந்திய தண்டனைச் சட்டத்தை மெக்காலே தலைமையிலான குழு 1837இல் வரைந்து கொடுத்தது. 1860இல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அதில் ஏமாற்றிச் சொத்தைப் பறிப்பதற்கான பிரிவு 420, ஏழு வருடம் வரை சிறை. சட்டம் ஆங்கிலத்தில் இருந்தாலும் ஜனங்கள் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இந்தியில் 'சார் ஸௌ பீஸ்', தமிழில் 'ஃபோர் ட்வென்டி'. 1955இல் ராஜ் கபூர் 'ஸ்ரீ 420' என்று படமே எடுத்துவிட்டார். பாகிஸ்தானிலும் பங்களாதேஷிலும்கூட மோசடிப் பிரிவு அதே 420தான். ஆங்கில எண்ணில் நாம் செய்த சொற்றொடர். ஆங்கிலேயருக்குச் சொன்னால் புரியாது!

2024 ஜூலை 1 முதல் இங்கே பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. மோசடி இப்போது 318வது பிரிவு. புகார்க் கடிதம் தயாரிக்கும்போது கை தன்னால் 420 என்று எழுதி, பிறகு அடித்துத் திருத்துகிறேன். ஆனால் போன வாரம் கவுண்டரில் ஒரு வாடிக்கையாளர், தன் பங்காளியைப் பற்றிக் கத்தினார்: "அவன் பெரிய சார் ஸௌ பீஸ்!" 318 என்று யாரும் யாரையும் இன்னும் திட்டவில்லை. இனியும் திட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கம்பு எரிந்த பிறகும் 'டேலி' நிற்கிறதல்லவா, அதுபோல இதுவும் நிற்கும்.

இப்போதும் வகுப்பு எடுக்கிறேன். தையற்காரர், தோல் வியாபாரி கதையையும் விடாமல் சொல்கிறேன். சொல்லிவிட்டு, "இதில் என்ன தப்பு, கண்டுபிடியுங்கள்" என்று இரண்டு தேதியையும் போர்டில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். முதலில் கை தூக்குவது பெரும்பாலும் கடைசி பெஞ்சுதான். இங்கிலீஷ் வராது என்று காலையிலிருந்து வாய் திறக்காத பையன், "சார், டேட் ஒத்துப் போகலையே" என்பான். அவனுக்கு மொழி வராமல் இருக்கலாம், கழித்தல் வருமே. பதினோராம் மணிக்கு வந்தாலும் கூலி ஒன்றுதான் என்று அவனிடம் சொல்வேன்.

தேனிப் பெண் இப்போது ஒரிசா பக்கம் ஒரு கிளைக்கு மேனேஜராகப் போயிருக்கிறார். போன தீபாவளிக்குப் போன் செய்தார். "சார், இங்கே எல்லாம் சிக்ஸஸ் அண்ட் செவன்ஸா கிடக்கு."

"எவ்வளவு உதைக்குது?" என்று கேட்டேன்.

"அறுபத்தேழு ரூபாய்தான் சார்" என்றார்.

உங்கள் ஊர்ப் பக்கம் இப்படி எண்ணில் வழங்கும் பேச்சு ஏதாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். கதையோடு அனுப்புங்கள், ஆனால் தேதி போட்ட வவுச்சர் கட்டாயம் வேண்டும்!